பவர் பெட்டி படுத்துவிட்டதா? பாசிக்குடா முதல் உகந்தை வரை, அறிகுறி பார்த்துத் திருத்தும் வழி

ஹையேஸின் பின் சீற்றுகளைக் கழற்றிக் கட்டில் போட்டவர்கள், பழைய ரோசா பஸ்ஸை வீடாக்கியவர்கள், லீவுக்கு கேம்பர் வான் வாடகைக்கு எடுத்தவர்கள் என்று வண்டியிலேயே தங்கித் திரிகிற கூட்டம் இலங்கையின் கிழக்குக் கரையில் இப்போது கண்ணில் படுகிறது. அநேகமாக எல்லாரிடமும் ஒரு பவர் ஸ்டேஷன் இருக்கும், அதாவது பற்றரியையும் அதன் கரண்டை வீட்டுக் கரண்டாக மாற்றும் இன்வெர்ட்டரையும் ஒன்றாக அடக்கிய பெட்டி. 2022இல் 13 மணி நேரம் வரை கரண்ட் இல்லாமல் கிடந்த நாட்களுக்குப் பிறகு வீட்டுக்கென்று வாங்கியது சிலரிடம், வெளிநாட்டுச் சொந்தக்காரர் கப்பலில் போட்டு அனுப்பியது சிலரிடம். வீட்டில் ஒழுங்காக ஓடிய பெட்டி கடற்கரைக்குப் போனதும் பிழைக்கிறது என்பதுதான் வழமையான முறைப்பாடு. பெட்டி பழுதாவது குறைவு. வெயில், வயர், தவறான செட்டிங் இந்த மூன்றில் ஒன்றைக் கண்டு பெட்டி தன்னைத் தானே நிறுத்திக்கொள்வதுதான் அதிகம்.

ஆகவே எந்த முறைப்பாடு வந்தாலும் முதலில் திரையில் இரண்டு எண்களைப் பாருங்கள்: உள்ளே வருகிற வாட், வெளியே போகிற வாட். பற்றரி எத்தனை வீதம் என்பது பிறகு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, இரண்டு எண்ணும் பூச்சியத்துக்கு வந்ததா என்று பார்த்து, ஒவ்வொன்றாகச் செருகுங்கள். எதைச் செருகும்போது எண் கோணல் மாணலாக ஓடுகிறதோ அங்கேதான் வில்லங்கம். கீழே உள்ள எல்லாமே இந்த ஒரு பழக்கத்தின் விரிவுதான்.

வேறு எதையும் பார்க்குமுன்: வீக்கம், மணம், கடல் தண்ணீர்

பெட்டியின் பக்கம் புடைத்திருந்தால், நெயில் பொலிஷ் போன்ற இனிப்பு மணம் வந்தால், உள்ளே சீறுகிற சத்தம் கேட்டால் திருத்தும் வேலை எதுவும் இல்லை. முடிந்தால் அணைத்து, கழற்றி, வண்டியிலிருந்து தூரத்தில் திறந்த வெளியில் வைத்துவிட்டு ஆட்களை விலக்குங்கள். புகை வந்துவிட்டால் பெட்டியைத் தூக்கப் போகாதீர்கள், வண்டியை விட்டு இறங்குங்கள். அலை அடித்து உப்புத் தண்ணீர் உள்ளே போன பெட்டியையும் இதே கணக்கில்தான் சேர்க்க வேண்டும். காய்ந்த பிறகு வேலை செய்கிறதே என்று நம்பிச் சார்ஜ் போடக் கூடாது. உப்பு உள்ளே தங்கிச் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும், தீ நாள் கழித்தும் பிடிக்கலாம். அரிசிக்குள் புதைக்கும் வைத்தியமெல்லாம் இதற்குச் சரிவராது.

பட்டனை அமுக்கினால் ஒன்றும் ஒளிரவில்லை

"மச்சான், பெட்டி செத்துப் பெய்த்து" என்று போன் வந்தால் திருப்பிக் கேட்க வேண்டிய முதல் கேள்வி, கடைசியாக எப்போது சார்ஜ் போட்டாய் என்பது. ஒக்டோபரில் மாரி தொடங்கியதும் வெறுமையாக அலுமாரிக்கு மேலே ஏற்றி வைத்துவிட்டு, ஏப்ரலில் புத்தாண்டு லீவுக்கு இறக்கினால் இதுதான் நடக்கும். உள்ளே உள்ள காவல் சர்க்யூட் அணைத்த நிலையிலும் ஒரு சொட்டுக் கரண்ட் குடிக்கும். செல்கள் ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் அது எல்லா வாசலையும் பூட்டிவிடும்.

சுவர்ப் பிளக்கில் செருகி ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள். இடையிடையே பட்டனைத் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். திரை வரவில்லையென்றால் சோலார் அல்லது கார் வழியாக முயன்று பாருங்கள். சில பெட்டிகள் ஏசி (சுவர்க் கரண்ட்) வழியில் எழும்பாவிட்டாலும் டிசி (சோலார், கார்) வழியில் எழும்பும். அடுத்தது ரீசெட். பல மொடல்களில் பிரதான பட்டனைப் பத்துப் பதினைந்து செக்கன் அமுக்கிப் பிடிப்பது, சிலவற்றில் இரண்டு பட்டனைச் சேர்த்து அமுக்குவது. கையேட்டின் அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்து வைத்திருங்கள், பாணமைக்கு அப்பால் தேடிப் பார்க்க சிக்னல் கிடைக்காது. இதுக்கும் அசையாவிட்டால் வாங்கிய இடத்துக்குப் போக வேண்டியதுதான். திறந்து பார்க்கிற வேலை வேண்டாம். உள்ளே இருப்பது சாதாரண பற்றரி அல்ல, ஸ்க்ரூட்ரைவர் ஒன்று தவறி விழுந்தாலே போதும்.

மாரிக்கு எடுத்து வைக்கும்போது பாதிக்குக் கொஞ்சம் மேலே, 50 முதல் 60 வீதம் வரை ஏற்றி வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை இறக்கிப் பார்த்தால் இந்தப் பிரச்சினை வரவே வராது.

கேத்தலைப் போட்டதும் விழுந்துவிட்டது

முதலில் சின்ன விஷயம்: ஏசி சொக்கட்டுக்கு என்று தனிப் பட்டன் இருக்கிறது. திரை ஒளிர்ந்தாலும் அதை அமுக்காவிட்டால் கரண்ட் வராது.

அமுக்கியும் விழுகிறதென்றால் கணக்கு இடிக்கிறது. நம் கடைகளில் விற்கும் மின்சாரக் கேத்தல் 1500 முதல் 2200 வாட் வரை இழுக்கும். பெட்டி 1000 வாட் இன்வெர்ட்டர் என்றால் போட்ட உடனேயே தன்னைப் பாதுகாத்துக்கொண்டு நின்றுவிடும். சிறிய ரைஸ் குக்கர் 400, 500 வாட்டுக்குள் அடங்கும், பெரியது 700ஐத் தாண்டும். பிளெண்டர், தேங்காய் துருவும் மோட்டர், 230 வோல்ட் ஃபிரிட்ஜ் ஆகியவை வேறு விதம். ஓடும்போது சொற்பம் இழுத்தாலும் தொடங்கும் கணத்தில் பல மடங்கு கேட்கும். லேபலில் 150 வாட் என்று எழுதிய ஃபிரிட்ஜ் 600 வாட் பெட்டியைத் தள்ளிவிடுவது அப்படித்தான்.

விழுந்தால் சாமானைக் கழற்றிவிட்டு ஏசி பட்டனை அணைத்துப் போடுங்கள், சரியாகும். எக்கோஃப்ளோவில் எக்ஸ்-பூஸ்ட் என்றும் புளூட்டியில் பவர் லிஃப்டிங் என்றும் ஒரு வசதி உண்டு. சாமான் அளவுக்கு மேல் கேட்டால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுத்து எப்படியோ ஓட வைக்கும். கேத்தல், ரைஸ் குக்கர் போல வெறும் சூடாக்குகிறவற்றுக்கு மட்டும் அது சரி. தண்ணீர் கொதிக்க நேரம் எடுக்கும், அவ்வளவுதான். மோட்டர் உள்ள சாமானுக்கு அதைப் பாவித்தால் மோட்டர் சூடேறி எரியும்.

என்னைக் கேட்டால் தேநீருக்கு ஒரு சின்ன கேஸ் அடுப்புப் போதும். ஒரு லீற்றர் தண்ணீரைக் கொதிக்க வைக்க 100 வாட் மணிக்கும் (100 வாட் சாமான் ஒரு மணி நேரம் ஓடத் தேவையானது) மேலே போகும். அதே கரண்டில் 12 வோல்ட் ஃபேன் ஒரு இரவின் பெரும்பகுதி சுற்றும்.

முழுசாக ஏற்றி வைத்தேன், விடியுமுன் காலி

இந்த முறைப்பாட்டோடு வருகிறவர்கள் எல்லாரும் பற்றரி கிழடாகிவிட்டதென்று முடிவு கட்டிக்கொண்டுதான் வருகிறார்கள். பெரும்பாலும் இல்லை. ஏசி பட்டனை இரவு முழுக்கப் போட்டு வைத்ததுதான் காரணம்.

இன்வெர்ட்டர் விழித்திருப்பதற்கே கரண்ட் வேண்டும். ஒன்றும் செருகாவிட்டாலும் பெட்டியைப் பொறுத்து 10 முதல் 25 வாட் வரை தின்னும். பல பெட்டிகள் அதை வெளியே போகும் வாட் எண்ணில் காட்டுவதும் இல்லை. இப்போது கணக்கைப் பாருங்கள். 1000 வாட் மணி என்று பெட்டியில் எழுதியிருந்தால் ஏசி வழியாக உங்கள் கைக்கு வருவது 850 அளவுதான், மிச்சம் மாற்றும்போது சூடாகப் போய்விடும். 230 வோல்ட் மேசை ஃபேன் 50 வாட், இன்வெர்ட்டரின் சாப்பாடு 15 வாட். ஒன்பது மணி நேர இரவுக்கு 585 வாட் மணி. அதற்கு மேல் ஒரு போன் சார்ஜர், ஒரு பல்ப், ஏசியில் ஓடும் ஃபிரிட்ஜ் என்று சேர்ந்தால் காலையில் பூச்சியம் காட்டுவதில் என்ன ஆச்சரியம்?

அதே இரவை டிசியில் ஓட்டிப் பாருங்கள். 12 வோல்ட் ஃபேன் 15 வாட், ஒன்பது மணி நேரத்துக்கு 135. போனை யூ.எஸ்.பி. துளையில் செருகலாம், லைட்டும் யூ.எஸ்.பி.யிலேயே கிடைக்கிறது. ஏசி பட்டன் அணைந்தே இருக்கட்டும். ஓகஸ்ட் மாதத்தில் கச்சான் காற்று நின்றுபோன இரவில் ஃபேன் இல்லாமல் வண்டிக்குள் படுக்க முடியாது என்பது கல்குடாவில் கிடந்தவர்களுக்குத் தெரியும். ஆகவே ஃபேனில்தான் மிச்சம் பிடிக்க வேண்டும், ஃபேனை நிறுத்தி அல்ல.

டிசிக்கு மாறியும் விடியுமுன் தீர்கிறதென்றால்தான் பற்றரியைச் சந்தேகிக்கலாம். லிதியம் அயன் பொஸ்பேட் (LiFePO4) வகை ஆயிரக்கணக்கான தடவை ஏற்றி இறக்கத் தாங்கும். பழைய என்.எம்.சி. (நிக்கல், மங்கனீஸ், கோபால்ட்) வகை ஐந்நூறு, எண்ணூறு தடவையோடு இளைக்கத் தொடங்கும். எது என்று லேபலில் எழுதியிருக்கும்.

கார் ஃபிரிட்ஜ் நடுச்சாமத்தில் நின்றுவிடுகிறது

வாழைச்சேனையில் வாங்கிப் போட்ட பாரை மீன் காலையில் இளகிக் கிடந்தால் யாருக்கும் பெட்டி மீதுதான் கோபம் வரும். மூன்று காரணங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, நேரக்கட்டுப்பாடு. குறைந்த கரண்ட் இழுத்தால் யாரும் பாவிக்கவில்லை என்று நினைத்துச் சில மணி நேரத்தில் துளையை மூடிவிடும் வசதி பல பெட்டிகளில் உண்டு. ஃபிரிட்ஜ் குளிர்ந்து கம்பிரசர் ஓய்வெடுக்கும் இடைவெளியில் இழுவை ஒன்றிரண்டு வாட்டுக்கு இறங்கும், பெட்டி அதைப் பார்த்து மூடிவிடும். பெட்டிக்கான போன் செயலியில் அல்லது பெட்டியின் மெனுவில் ஈகோ மோட், ஸ்டான்ட்பை டைம் என்று இருக்கும் அவற்றை 'ஒருபோதும் அணையாதே' என்று மாற்றுங்கள். இதை வீட்டிலேயே செய்துவிட்டுப் புறப்படுவது நல்லது. சில செயலிகள் முதல் தடவை திறக்க இணையம் கேட்கும்.

இரண்டு, ஃபிரிட்ஜுக்குள்ளேயே இருக்கும் பற்றரிக் காவல். எச் (உயர்), எம் (நடு), எல் (தாழ்) என்று மூன்று நிலை. காரின் ஸ்டார்ட் பற்றரி இறங்காமல் காப்பதற்காக எச் நிலையில் 11 வோல்ட்டுக்கு மேலேயே நின்றுவிடும். பவர் ஸ்டேஷனில் ஓட்டும்போது அந்தக் காவல் தேவையில்லை. எல்-இல் போடுங்கள். இந்த ஒரு மாற்றத்தோடு பாதிப் பேருக்கு மீன் தப்பிவிடும்.

மூன்று, வயர். ஃபிரிட்ஜோடு வந்த வயர் எட்டவில்லை என்று ஐந்து மீற்றர் மெல்லிய வயரை இடையில் போட்டு நீட்டியிருப்பார்கள். 0.75 சதுர மில்லிமீற்றர் வயரில் 5 ஆம்பியர் போய்த் திரும்பும்போது ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே செத்துவிடும், கம்பிரசர் தொடங்கும் கணத்தில் இன்னும் அதிகம். பெட்டி 13 கொடுத்தாலும் ஃபிரிட்ஜுக்கு 11 தான் தெரியும், காவல் நிறுத்திவிடும். ஃபிரிட்ஜைப் பெட்டிக்குப் பக்கத்தில் நகர்த்துங்கள். முடியாவிட்டால் தடித்த வயர் போடுங்கள்.

ஃபிரிட்ஜை வண்டியின் மூலையில் பாய் தலையணைக்கு நடுவே அடைத்து வைத்தால் கம்பிரசர் ஓயாது. பக்கத்தில் நாலு விரல் இடைவெளி விடுங்கள். முதல் நாள் மீனையும் இறைச்சியையும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு வைத்து, ஃபிரிட்ஜுக்குள் ஏற்கனவே குளிர்ந்ததை மட்டும் வைப்பது இன்னும் நல்லது. மீன்பிடித் துறை உள்ள ஊர்களில் ஐஸுக்குப் பஞ்சமில்லை.

சோலார் பனல் 200 என்று வாங்கினேன், 60 தான் வருகிறது

முதலில் எதிர்பார்ப்பைச் சரிசெய்ய வேண்டும். பனலின் வாட் எண் 25 பாகை செல் சூட்டில் பார்த்தது. மே மாத வெயிலில், காற்றுப் புகாமல் வான் கூரையோடு ஒட்டிக் கிடக்கும் கறுத்தப் பனல் 65 பாகைக்கு ஏறும். ஒரு பாகைக்கு 0.35 வீதம் என்று வைத்தாலும் 14 வீதம் அங்கேயே போச்சு. 200 வாட் பனலில் நடுப்பகலில் 140, 150 வந்தால் அது நல்ல பனல். 60 என்றால் கீழே உள்ளவற்றைப் பாருங்கள்.

பெட்டியின் வீதத்தைப் பாருங்கள். 90ஐத் தாண்டியதும் பெட்டி தானாகவே உறிஞ்சுவதைக் குறைக்கும், 100இல் பூச்சியமாக்கும். பனலில் குற்றம் தேடி அரை நாள் அலைந்த பிறகு பெட்டி நிறைந்திருந்ததைக் கண்டவர்கள் உண்டு.

அப்புறம் நிழல். தென்னைக்குக் கீழே வண்டியை விட்டால் ஆளுக்குச் சுகம், பனலுக்கு நஷ்டம். ஒரு ஓலையின் ஈர்க்கும் அதோடு ஒட்டிய இலையும் கைவிரல் அகலத்தில் பனலின் குறுக்கே விழுந்திருக்கும்போது திரையைப் பார்த்துக்கொண்டு நில்லுங்கள். காற்றில் ஓலை விலகினால் எண் ஏறும், திரும்ப விழுந்தால் பாதிக்கும் கீழே இறங்கும். மறைந்தது பனலில் நூற்றில் ஐந்து பங்கு கூட இருக்காது. செல்கள் எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகக் கோர்க்கப்பட்டவை, ஒன்றில் ஓட்டம் தடைப்பட்டால் அந்த வரிசை முழுவதும் தடைப்படும். கூரைக் கம்பியின் நிழல், அன்டெனாவின் நிழல், துணி காயப்போட்ட கயிற்றின் நிழல் எல்லாம் இதே வேலையைச் செய்யும். வண்டி நிழலில், பனல் வெயிலில், நடுவே நீண்ட தடித்த வயர் என்பதுதான் இங்கே பொருந்தும் ஏற்பாடு.

மூன்றாவது, திசை. வெளிநாட்டு வீடியோக்கள் பனலைத் தெற்குப் பார்த்துச் சாய்க்கச் சொல்லும். அது அவர்கள் ஊருக்கு. மட்டக்களப்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டுப் பாகைக்குக் கொஞ்சம் குறைவான தூரத்தில் இருக்கிறது. ஏப்ரல் முதல் பாதியில் சூரியன் நம் உச்சிக்கு மேலே வந்து வடக்கே நகரும், ஓகஸ்ட் கடைசி, செப்டெம்பர் தொடக்கத்தில் திரும்ப உச்சிக்கு வரும். இடைப்பட்ட மாதங்களில் நடுப்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. ஜூன் கடைசியில் மட்டக்களப்பில் கிட்டத்தட்ட 16 பாகை வடக்கே. அறுகம்பேயும் பாசிக்குடாவும் நிரம்பி வழியும் சீசன் இதேதான். ஆகவே அந்த மாதங்களில் பனலைத் தெற்கே சாய்ப்பது வெயிலுக்கு முதுகு காட்டுவது. மட்டமாகப் படுக்க வையுங்கள், அல்லது வடக்கே கொஞ்சம் சாயுங்கள். டிசெம்பரில் மட்டும் தெற்கே 30 பாகை சாய்க்கலாம், ஆனால் அந்த மாதத்தில் மழைக்குள் யார் பனல் விரிக்கப் போகிறார்கள்? இதைவிடப் பெரிய லாபம், மடிக்கும் பனலாக இருந்தால் காலையில் கிழக்கே, மத்தியானம் மட்டமாக, பின்னேரம் மேற்கே என்று திருப்பி வைப்பது.

நான்காவது, உப்பு. கல்லடிக் கரையில் காற்று அடித்த ஒரு நாளுக்குப் பிறகு பனலில் விரலை வைத்து இழுத்துப் பாருங்கள், பிசுபிசுக்கும். கண்ணாடி பளிச்சென்று இருப்பதாகத் தோன்றினாலும் மேலே உப்புப் படலம் உண்டு. வெயில் ஏறுமுன் கிணற்றுத் தண்ணீரும் துணியும் போதும்.

உள்ளே வரும் எண் சுத்தமாகப் பூச்சியம் என்றால் அது வேறு கதை. மல்டிமீற்றரை எடுத்துப் பனலின் வயர் நுனியில் வையுங்கள். 100 வாட் பனல் வெயிலில் சுமாராக 20 வோல்ட் காட்ட வேண்டும். காட்டினால் பனல் சுகம். பிளஸ் மைனஸ் மாறியிருக்கிறதா, பனல் வயரின் செருகியான எம்.சி.4இன் கொழுக்கி 'டக்' என்று விழுந்ததா, துளைக்குள் மணல் இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு துளையையே காருக்கும் சோலாருக்கும் பொதுவாக வைத்திருக்கும் பெட்டிகளில் செட்டிங் காரில் நிற்கலாம், அதனாலும் குறைவாக வரும். இரண்டு பனலைத் தொடராகக் கோர்த்திருந்தால் கவனம். வெயிலில் ஒவ்வொன்றும் 22 வோல்ட் என்றால் சேர்ந்து 44. சின்னப் பெட்டிகள் பல 28, 30 வோல்ட்டுக்கு மேல் ஏற்காது. நல்ல பெட்டி மறுத்துப் பிழைக் குறி காட்டும், மலிவானது எரிந்துபோகும். சந்தேகமாக இருந்தால் பக்கம் பக்கமாக, பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் என்று கோர்த்துவிடுங்கள், வோல்ட் ஏறாது.

செருகிகளில் பச்சை பூத்திருந்தால் பார்மசியில் கிடைக்கும் சேர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு செருகுங்கள். இரவில் பனலை மடித்து உள்ளே எடுத்துவிடுங்கள். உகந்தைப் பக்கம் குரங்குக்கு வயர் விளையாட்டுச் சாமான், யானைக்கு எது விளையாட்டு என்று பரிசோதிக்க வேண்டாம்.

வண்டி ஓடுகிறது, பெட்டி ஏறவில்லை

சிகரெட் லைட்டர் சொக்கட் கொடுப்பது 100 வாட் அளவுதான். மட்டக்களப்பிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில் வழியாகப் பொத்துவிலுக்குப் போக இரண்டரை, மூன்று மணி நேரம். 1000 வாட் மணிப் பெட்டியில் கால்வாசி ஏறியிருக்கும். அதுக்கு மேல் எதிர்பார்த்திருந்தால் பெட்டியில் பிழை இல்லை.

ஒன்றுமே ஏறவில்லையென்றால் முதலில் வண்டியின் ஃபியூஸ், 10 அல்லது 15 ஆம்பியர். அடுத்தது பிளக்கின் நுனி. குண்டும் குழியுமான கிறவல் பாதையில் அது கழன்று கழன்று தொடும், தொடுகிற இடம் சூடாகும், நுனியைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் இளகிக் கறுத்திருக்கும். அப்படி இருந்தால் அந்த வயரை எறிந்துவிட்டுப் புதியது வாங்குங்கள். ரோசா, கோஸ்டர் போன்ற பஸ்களில் பலவற்றுக்கு 24 வோல்ட். பெட்டி 24ஐ ஏற்குமா என்று லேபலில் பார்த்த பிறகே செருக வேண்டும். ஏற்குமென்றால் வேகமும் இரட்டிப்பு.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. சில வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் அந்தச் சொக்கட்டில் கரண்ட் இருக்கும். இரவு முழுக்கப் பெட்டி ஸ்டார்ட் பற்றரியை உறிஞ்சும். காலையில் பெட்டி நிறைந்திருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது. எஞ்சினை நிறுத்தினால் வயரையும் கழற்றுங்கள்.

கெஸ்ட் ஹவுஸ் பிளக்கில் போட்டால் நின்று நின்று ஏறுகிறது

புதிய பெட்டிகள் 1000 வாட்டுக்கு மேல் வேகமாக ஏற்றும். பழைய மடங்களிலும் சின்ன கெஸ்ட் ஹவுஸ்களிலும் உருளைப் பின் 5 ஆம்பியர் சொக்கட் இன்னும் இருக்கிறது. 1200 வாட் இழுத்தாலே அது 5ஐத் தாண்டிவிடும். பின்னேரம் ஊர் முழுக்க லைட் போடும் நேரத்தில் வோல்ட் வேறு சரிந்திருக்கும். செயலியில் சார்ஜ் வேகத்தை 300, 400 வாட்டுக்கு இறக்குங்கள், விடிய நிறைந்துவிடும். பிளக்கைத் தொட்டுப் பாருங்கள், சுட்டால் இன்னும் குறையுங்கள். ஜெனரேட்டரில் ஏற்றும்போதும் இதே வைத்தியம்தான். ஜெனரேட்டர் எப்போதும் வண்டிக்கு வெளியே, காற்று போகும் பக்கம் இருக்க வேண்டும்.

திரையில் தெர்மாமீற்றர் குறி விழுகிறது

லிதியம் பற்றரியில் 45 பாகைக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது, பெட்டி அதை அனுமதிப்பதும் இல்லை. கண்ணாடியை மூடி வெயிலில் விட்ட வண்டிக்குள் 50ஐத் தாண்டும். கதவைத் திறந்து, பெட்டியைத் தரையில் நிழலில் வைத்து, ஃபேன் துளைகளைத் துணி மூடாமல் பார்த்து அரை மணி நேரம் பொறுங்கள். ஐஸ் வைத்துக் குளிர்விக்கப் போனால் உள்ளே நீர் கோர்க்கும். மணலில் நேரே வைக்காமல் கீழே ஒரு பலகை போடுங்கள், அதன் ஃபேன் குருமணலையும் எறும்பையும் சேர்த்து இழுக்கும்.

லப்டொப்பைத் தொட்டால் சுள்ளென்கிறது

ஈரமணலில் வெறுங்காலோடு நின்று தொட்டால் சிலருக்கு இப்படி இருக்கும். டெஸ்டரை வைத்தால் சொக்கட்டின் இரண்டு துளையிலும் மங்கலாக ஒளிரும். பல பெட்டிகளில் நியூட்ரல் பூமியோடு தொடுக்கப்படாமல் மிதக்கிறது, அதோடு சார்ஜரின் வடிகட்டியிலிருந்து கசியும் மிகச் சிறிய கரண்டும் சேர்ந்துதான் இது. யூ.எஸ்.பி. சி வழியாக நேரே ஏற்றினால் நின்றுவிடும். சுள்ளென்பதைத் தாண்டி அடித்தால் அந்தச் சாமானில் கசிவு இருக்கிறது, கழற்றுங்கள்.

ஆனால் இதற்குப் பின்னால் ஒரு பெரிய விஷயம் இருக்கிறது. நியூட்ரல் மிதப்பதால் வண்டியின் ட்ரிப் சுவிட்ச் வீட்டில் காப்பாற்றுவது போல இங்கே காப்பாற்றாது. ஒரு சாமானைப் பெட்டியில் நேரே செருகுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வண்டியின் வயரிங் முழுவதற்கும் பெட்டியிலிருந்து கொடுக்க வேண்டுமென்றால் தெரிந்த எலெக்ட்ரீஷியன் ஒருவரை வைத்துச் செய்ய வேண்டும். இரண்டு நுனியிலும் பிளக் வைத்த வயரைச் செய்து சுவர்ச் சொக்கட் வழியாக வீட்டுக்கோ வண்டிக்கோ கரண்ட் திருப்பி அனுப்புவது ஆளைக் கொல்லும் வேலை. கழன்ற நுனியின் பின்கள் வெளியே நீட்டிக்கொண்டு 230 வோல்ட்டோடு இருக்கும்.

20 வீதத்திலிருந்து நேரே பூச்சியம்

பொஸ்பேட் பற்றரியின் வோல்ட் நிறைவிலிருந்து காலியாகும் வரை பெரிதாக மாறாது, ஆகவே பெட்டி எண்ணிக்கொண்டுதான் வீதத்தைச் சொல்கிறது. அரைகுறையாகவே ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தால் எண்ணிக்கை பிசகும். ஒருமுறை முழுசாக 100 வரை ஏற்றி, தானாக அணையும் வரை பாவித்து, திரும்ப 100க்கு ஏற்றினால் சரியாகிவிடும். இதை வீட்டில் செய்யுங்கள்.

கனடாப் பெட்டி

இது நம் ஊருக்கே உரிய வியாதி. மாமா கனடாவிலிருந்து அனுப்பிய பெட்டியில் ஃபேனைச் செருகினால் உறுமிக்கொண்டு மெல்லச் சுற்றுகிறது, கேத்தல் கால் மணியாகியும் கொதிக்கவில்லை. அங்கே 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230, 50. பாதி வோல்ட்டில் 2000 வாட் கேத்தலுக்குக் கிடைப்பது 550 வாட்டுக்கும் குறைவு. விமானத்தில் பயணிகள் கொண்டுவரக்கூடியது 160 வாட் மணி வரைதான் என்பதால் பெரிய பெட்டி கப்பலில்தான் வந்திருக்கும், திருப்பி அனுப்பும் செலவை யோசித்தால் வைத்துப் பாவிப்பதே புத்தி.

உண்மையான ஆபத்து எதிர்ப்பக்கம், அதைச் சார்ஜ் போடும்போது. லேபலில் உள்ளீடு 100–240 என்றிருந்தால் பிளக் அடப்டர் மட்டும் மாட்டி நம் சுவரில் போடலாம். 100–120 என்றிருந்தால் போடவே கூடாது, சார்ஜர் எரிந்துவிடும். 230ஐ 110 ஆக்கும் டிரான்ஸ்ஃபோமர் வாங்கலாம், பெட்டி இழுக்கும் வாட்டைவிட ஒன்றரை மடங்கு தாங்குவதாகப் பார்த்து. இல்லையென்றால் சோலாரிலும் காரிலும் ஏற்றுங்கள், அந்தத் துளைகளுக்கு எந்த நாடென்று தெரியாது. 12 வோல்ட், யூ.எஸ்.பி. துளைகளும் அப்படியே, ஃபேனும் ஃபிரிட்ஜும் போனும் அவற்றில் ஓடிவிடும். போன், லப்டொப் சார்ஜர்கள் 120இலும் வேலை செய்யும். ஏசி சொக்கட்டின் மேல் '120' என்று பெரிதாக எழுதி ஒட்டிவிடுங்கள், வண்டியில் வருகிற யாராவது வீட்டு ஃபேனைக் கொண்டுவந்து செருகாமல் இருப்பார்கள்.